அப்பாவுக்கு டிஸ்சார்ஜ் எழுதிய அன்று

மாரடைப்பு வந்த நான்காம் நாள் காலை, ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர், "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வலது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து, அது மூடாமல் தாங்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்திருந்தார்கள். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 45 சதவீதம், இயல்பைவிடக் குறைவு. சேதமான தசை ஆறித் தழும்பாக ஆறு வாரமாவது ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வார்டில் மானிட்டர் கத்தினால் சிஸ்டர் ஓடி வருவார். வீட்டில் நள்ளிரவில் அப்பா நெஞ்சைப் பிடித்தால் அம்மாவும் நானும்தான்.

காப்பீட்டு ஒப்புதல் வந்து பில் முடிய மாலை நான்கு ஆனது. கவுன்டரில் ஒரு ஃபைலையும் மாத்திரைப் பையையும் நீட்டி, "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்றார்கள். ஃபைலில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம். மாத்திரை விழுங்கப்போகிறவர் எட்டாம் வகுப்போடு நின்ற அப்பா. அவரால் படிக்க முடியாத காகிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார்களே என்று கோபம் வந்தது. பையோடு மறுபடி வார்டுக்கே போனேன்.

ஷிப்ட் முடியும் நேரம். ஆனாலும் அந்த சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை. கட்டிலில் துண்டை விரித்து, மாத்திரை அட்டைகளை வரிசையாக வைத்தார். "ஐயா, எது எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்."

அப்பா ஆஸ்பிரினைக் காட்டி, "இது வாயுவுக்கு" என்றார்.

மூன்று நாளாக அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அது.

சிஸ்டர் பொறுமையாக ஆரம்பித்தார். ஆஸ்பிரினும் டிகாக்ரிலரும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. டிகாக்ரிலர் காலையும் இரவும், ஒரு வருடத்துக்கு. பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் நிறுத்தவே கூடாது. இரவில் கொழுப்புக்கு அடோர்வாஸ்டேடின். பிறகு சார்பிட்ரேட்: நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் ஒன்று. நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108. "சோடா குடித்துப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்" என்றார். அப்பா தலைகுனிந்தார். முதல் வலிக்கு அவர் மூன்று மணி நேரம் அதைத்தான் செய்தார்.

எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. அதைச் சொன்னதும் பிசியோதெரபிஸ்டை அழைத்தார்கள். அவர் அப்பாவை ஒரு மாடி ஏற்றி, நாடி பார்த்து, மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று கவனித்தார். வளைவில் நின்று ஏறச் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் அப்பா முதல் தடவை படி ஏறுவது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். தயங்காமல் கேளுங்கள்.

அம்மா ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார், மூன்றுக்கும் தடை. வலது கையால் குடம் தூக்கக் கூடாது. பீடி கூடவே கூடாது. கடைசியில் அப்பா மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். நானும் அம்மாவும் வெளியே நின்றோம். பத்து நிமிடம் கழித்து, இலகுவான முகத்தோடு வந்தார்.

அன்றிரவு மாத்திரைகளை அப்பாவே பிரித்து ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். டிகாக்ரிலரை எடுத்து, "இது கொழுப்புக்கு" என்றார். நான் வாயைத் திறக்கும் முன், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அது ஸ்டென்டுக்கு. கொழுப்புக்கு இருப்பது மற்றொன்று."