குளிரை நம்பி ஒரு சுரங்கத் தொழில்

கனடாவின் வடமேற்கு ஆட்புலத்தில் வைரமும் தங்கமும் உண்டு, ரோடுதான் இல்லை. ஆட்புலத் தலைநகரான யெல்லோநைஃபுக்கு வடகிழக்கே எக்காட்டி (1998), டயாவிக் (2003), கச்சோ குவே (2016) என்று அடுத்தடுத்து வந்த வைரச் சுரங்கங்களுக்கு டீசல், சிமெண்ட், வெடிமருந்து, டயர் எல்லாம் ஏறக்குறைய ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் இறுதி வரை உறைந்த ஏரிகளின் மேல்தான் போகின்றன. இந்தப் பகுதியின் நீடித்த வளர்ச்சி என்றாலே வேலைவாய்ப்பு, வரி, மான் என்று பேச்சு தொடங்கிவிடும். எனக்கு முதல் இயற்கை வளம் குளிர்தான். அது தீர்ந்தால் மற்றதைத் தோண்டி எடுக்கவே வழியில்லை.

பனிக்கட்டி எவ்வளவு தாங்கும்? தடிமனை சென்டிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினால் கிலோ கணக்கில் பாதுகாப்பான எடை கிடைக்கும். 50 செ.மீ. என்றால் 10 டன், 100 செ.மீ. என்றால் 40 டன். தடிமன் பாதியானால் சுமை கால்வாசிதான். 4 என்பது எச்சரிக்கையான எண். தொடர்ந்து ரேடாரால் அளந்து, பொறியாளர் மேற்பார்வையும் இருந்தால் இன்னும் கூட்டலாம். பனிப்பொழிவு நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டி பலவீனமானது. அதன் தடிமனில் பாதியை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாலை போடுவதில் பாதி வேலை பனியைத் தள்ளுவதுதான். மேலே கிடக்கும் பனி குளிர் கீழே இறங்க விடாது. தள்ளிய பனியை ஓரத்திலேயே மேடாக விட்டாலும் ஆபத்து: அதன் எடையில் கட்டி வளைந்து விரிசல் விடும், மேட்டுக்கு அடியில் உறைவது குறையும். அதனால்தான் சாலையை மிக அகலமாக வைக்கிறார்கள். மெலிந்த இடங்களில் துளை போட்டு, ஏரி நீரை பம்பில் இறைத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி உறையவிடுவார்கள். ஒரேயடியாக ஊற்றினால் மேலே மட்டும் உறைந்து நடுவில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும்.

லாரியின் வேகம்தான் பலர் கவனிக்காத விஷயம். சுமை ஏற்றிய லாரி ஓடும்போது பனிக்கட்டிக்கு அடியில் ஓர் அலையும் கூடவே ஓடுகிறது. லாரியும் அலையும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால் வளைவு பெருகி கட்டி உடைந்துவிடும். 5 மீட்டர் ஆழ நீரில் அந்த வேகம் சுமார் 25 கி.மீ., 2 மீட்டர் ஆழத்தில் 16 கி.மீ. கரையை நெருங்க நெருங்க மெதுவாகப் போகச் சொல்வது இதனால்தான். அலை கரையில் மோதித் திரும்பி அதே லாரியையே தாக்காமலிருக்க, சாலையைக் கரைக்குச் சாய்வாகக் கொண்டுபோவது வழக்கம். நிறுத்தி வைப்பதும் தப்பு: நின்ற இடத்தில் கட்டி மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும்.

2006-இல் குளிர் ஏமாற்றியது. சரக்கில் ஒரு பகுதி நின்றுபோய் விமானத்தில் போக வேண்டியதாயிற்று. டயாவிக் 2012-இல் மொத்தம் 9.2 மெகாவாட் திறனுள்ள 4 காற்றாலைகளை நிறுவியதைப் பசுமை விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஏரியைக் கடக்க வேண்டாத சுமை.

'நிரந்தரச் சாலையே போட்டுவிடலாமே' என்பவர்கள் 2017-இல் திறந்த இனுவிக்–டுக்டோயாக்டுக் சாலையைப் பார்க்கட்டும். அங்கே உறைநிலத்தின் (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்) மேலுள்ள பாசியையும் மட்கிய தாவர அடுக்கையும் வெட்டவே கூடாது. அவைதான் நிலத்தின் போர்வை. குளிர்காலத்தில், துணிவிரிப்புக்கு மேல் மண் கொட்டி உயர்த்தினார்கள். இப்படிப்பட்ட மேடுகளின் சரிவில் காற்று பனியைக் குவிக்கும். அந்தப் பனி நிலத்தை ஆற விடாது. ஓரம் இளகி, சாலை நீளவாக்கில் பிளக்கும். தவிர, ரோடு வந்தால் வேட்டைக்காரர்களும் எளிதாக உள்ளே வருவார்கள். வைரச் சுரங்கப் பகுதியில் நடமாடும் பாதர்ஸ்ட் கரிபூ (வடபுல மான்) மந்தை 1986-இல் சுமார் 4.7 லட்சம், 2018-இல் சுமார் 8,200. அந்த வாழிடத்தின் குறுக்கே ஒரு சாலைக்கு நான் கை தூக்க மாட்டேன்.

குளிரை நம்பி ஏமாந்த பெரிய கதை யெல்லோநைஃபை ஒட்டியே இருக்கிறது. ஜயண்ட் தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடியது. தாதுவை வறுத்ததில் வந்த 2,37,000 டன் ஆர்சனிக் ட்ரையாக்சைடு தூளை நிலத்தடி அறைகளில் கொட்டினார்கள், உறைநிலம் அடைத்துக்கொள்ளும் என்று. சுரங்க வேலையே அந்த நிலத்தைச் சூடாக்கிவிட்டது. தூளோ நீரில் கரையும் நஞ்சு. இப்போது சுற்றிலும் குழாய்களை இறக்கி மீண்டும் உறையவைக்கும் திட்டம் நடக்கிறது. உள்ளே அழுத்தத்தில் அடைத்த கார்பன் டையாக்சைடு அடியில் சூட்டை வாங்கி ஆவியாகி, மேலே குளிர்காற்றில் திரவமாகி இறங்கும். மின்சாரம் வேண்டாம், ஆனால் வெளிக்காற்று நிலத்தைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும்.

உரிமையாளர் நிறுவனம் 1999-இல் திவாலானது. சுத்தப்படுத்தும் செலவு அரசின் தலையில். 2022 மதிப்பீட்டின்படி 438 கோடி கனடிய டாலர். இப்போது சுரங்கத்தை மூடும் செலவுக்கான பிணைத்தொகையை முன்கூட்டியே கேட்கிறார்கள். நிறுவனம் தன் ஆட்களை வைத்து மலிவாக முடிக்கும் என்று கணக்குப் போடாமல், வெளி ஒப்பந்தக்காரர் வந்து செய்தால் என்ன ஆகுமோ அதை வைத்துப் போடுவதே சரியான முறை. பிணை வங்கி உத்தரவாதமாகவோ ரொக்கமாகவோ இருக்க வேண்டும். தாய் நிறுவனத்தின் உறுதிமொழிக் கடிதத்தை வாங்கி வைத்தால், அது திவாலாகும் நாளில் கடிதமும் கூடவே போய்விடும்.