அப்பா ஒண்ணுலேர்ந்து எண்ணுறாரு

பிப்ரவரி 3

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. ஸ்ட்ரோக். மூளையோட இடது பக்கத்துல ரத்தக்கட்டி அடைச்சதால வலது கை, வலது கால் ரெண்டும் வேலை செய்யல, பேச்சும் போயிடுச்சு, ஆனா நாம பேசுறது பெரும்பாலும் புரியுது, அதான் அவருக்கும் கொடுமை எங்களுக்கும் கொடுமை. டிஸ்சார்ஜ் அன்னைக்கு நர்ஸ் அக்கா ஒரு தாள் நிறைய எழுதிக் குடுத்து அனுப்பினாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா படுக்கைப்புண் வந்துடும். தண்ணி குடுக்கறப்ப நல்லா நிமிந்து உக்கார வச்சுட்டுதான் குடுக்கணும். வலது கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிடும். சட்டை போடறப்ப வராத கையை முதல்ல விடணும், கழட்டறப்ப நல்ல கையை முதல்ல எடுக்கணும்.

படிக்கறப்ப இதெல்லாம் ஒரு விஷயமான்னுதான் தோணும். இன்னைக்குக் காலையில சட்டை போட்டு விடறப்பதான் தெரிஞ்சுது. அப்பாவோட கை அவ்ளோ கனம். சூடா இருக்கு, உயிர் இருக்கு, ஆனா நமக்கு ஒரு ஒத்தாசையும் பண்ணாம அப்படியே கிடக்கு. சட்டைக் கைக்குள்ள வெளிப்பக்கமா என் கையை விட்டு, அவர் விரல்களைக் குவிச்சுப் பிடிச்சுக்கிட்டு, சட்டையைத்தான் மேல ஏத்தணும், கையை இழுக்கக் கூடாது. முழங்கை தாண்டினா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அப்புறம் முதுகுப் பக்கமா சுத்திக் கொண்டு வந்து இடது கை. கடைசி பட்டனை அவரே இடது கையால தடவித் தடவிப் போடப் பாத்தாரு, ரொம்ப நேரம் ஆச்சு, நான் கிட்ட போகாம நின்னுக்கிட்டிருந்தேன். போட்டுட்டாரு.

பிப்ரவரி 9

பாக்க வர்றவங்க வந்துக்கிட்டே இருக்காங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் வர்றாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா "எல்லாம் நன்மைக்கேம்மா"ன்னு ஒருத்தர் சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு. பெத்த பொண்ணு பேரைச் சொல்ல வாய் வராம ஒரு மனுஷன் கண்ணால பேசிக்கிட்டிருக்காரு, இதுல என்ன நன்மை, யாருக்கு நன்மை. இன்னொருத்தங்க தாங்கறவங்களுக்குத்தான் கஷ்டம் வரும்னாங்க. தாங்க முடியாம உடைஞ்சு போனவங்களை நான் பாத்திருக்கேன், அவங்களுக்கும்தான் வந்துச்சு. கஷ்டம் ஆளைப் பாத்து வர்றதில்ல.

கஷ்டத்துல இருக்கறவங்க கிட்ட போய் அதுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக் குடுக்கறது நம்ம வேலை இல்லேன்னு நான் உறுதியா நினைக்கிறேன். அர்த்தம்னு ஒண்ணு இருந்தா அவங்களே மெதுவா கண்டுபிடிக்கட்டும்.

பெரியப்பா மட்டும் ஒண்ணும் சொல்லல. வந்தாரு, நகவெட்டி எங்கம்மா இருக்குன்னு கேட்டாரு, கட்டில் ஓரமா உக்காந்து அப்பாவோட மூடியே கிடக்கற வலது கை விரல்களை ஒவ்வொண்ணா பிரிச்சு நகம் வெட்டி விட்டாரு. விரலைப் பிரிக்கறப்ப அவசரப்படவே இல்ல, அதுவா தளர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. முடிச்சுட்டு உள்ளங்கையைத் துடைச்சு விட்டுட்டு கிளம்பிட்டாரு. இந்த மாசத்துல யார் வந்ததும் எனக்கு இவ்ளோ தெம்பா இல்ல.

பிப்ரவரி 17

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தாங்க. அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டி "இது எத்தனைங்க ஐயா"ன்னு கேட்டாங்க. அப்பா "அது... அது..."ன்னாரு, அதுக்கு மேல ஒண்ணும் வரல, முகமெல்லாம் சிவந்து போச்சு. அவருக்குத் தெரியும், கண்ணுல இருக்கு, வாய்க்கு வரல. உடனே அவங்க "ஒண்ணு, ரெண்டு"ன்னு எடுத்துக் குடுத்தாங்க பாருங்க, அப்பா மூணு நாலு அஞ்சு ஆறுன்னு மடமடன்னு பத்து வரைக்கும் போயிட்டாரு! அம்மா அழுதுட்டாங்க.

சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பழகின வரிசைங்க, எண்ணு, கிழமை, பாட்டு, சில நேரம் திட்டு கூட, பேச்சு போனவங்களுக்கும் தானா வந்துடுமாம். யோசிச்சு ஒரு வார்த்தையைத் தேடி எடுக்கறதுதான் கஷ்டமாம். பேச்சுக்கும் மூளையோட இடது பக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1860கள்ல பாரிஸ்ல பால் ப்ரோக்கான்னு ஒரு டாக்டர் எடுத்துக் காட்டினதையும் சொன்னாங்க. அவர் பாத்த நோயாளிக்கு "டான்"ங்கற ஒரே சத்தம்தான் வருமாம், எது கேட்டாலும் டான், அதனால ஆஸ்பத்திரியில அவர் பேரே டான்னு ஆயிடுச்சாம். எங்க அப்பாவுக்கு "அது". நூத்தி அறுபது வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ ஒரு கட்டில்ல இதே மாதிரி ஒருத்தர் படுத்திருந்தாருங்கறது எனக்கு ஏனோ ஆறுதலா இருந்துச்சு. எங்களுக்கு மட்டும்னு தனியா செஞ்சு அனுப்பினது இல்ல இது.

பிப்ரவரி 18

இதை எழுதியே ஆகணும். சாயங்காலம் தம்பி ஏதோ ஞாபகத்துல மணி என்னப்பான்னு கேட்டுட்டான். அப்பா கடிகாரத்தைப் பாத்தாரு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு, அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண ஆரம்பிச்சு ஆறுல நிறுத்திட்டு எங்களைப் பாத்தாரு. மணி ஆறு!

யாரும் சொல்லிக் குடுக்கல. நேரா "ஆறு"ன்னு சொல்ல வராதுங்கறதை அவர் எப்பவோ ஒத்துக்கிட்டிருக்காரு, அதனாலதான் இந்த வழி அவருக்குத் தோணியிருக்கு. "ஆறு"ங்கற வார்த்தையோட மல்லுக்கட்டிக்கிட்டே இருந்திருந்தா தோணியிருக்காது. ஏத்துக்கறதுன்னா தோத்துப் போறதுன்னு ஒரு நினைப்பு நம்ம எல்லாருக்கும் இருக்கில்ல, இவரைப் பாக்கறப்ப எனக்கு அப்படித் தோணல.

மார்ச் 2

தூக்கம் வரல. அப்பாவைத் திருப்பிப் படுக்க வச்சுட்டு வந்து எழுதறேன்.

ஏன் இப்படி ஆச்சு, ஏன் எங்க அப்பாவுக்கு, இந்தக் கேள்வி பகல்ல வர்றதில்ல, ராத்திரிதான் வருது. பிரஷருக்கு ஒழுங்கா மாத்திரை போட்டாரே, தினம் நடந்தாரே, யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லையேன்னு ஒவ்வொண்ணா வரிசை கட்டி வருது. டாக்டர் கிட்டயும் கேட்டேன், அவர் பொறுமையா உக்காந்து பிரஷர், வயசு, இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம போறதுன்னு காரணமெல்லாம் சொன்னாரு, எல்லாம் சரியான பதில்தான், ஆனா நான் கேட்டது அது இல்ல. நான் கேட்டதுக்கு யார் கிட்டயும் பதில் கிடையாது. அந்தக் கேள்வியை விரட்டவும் முடியல. விரட்ட விரட்டத்தான் பக்கத்துல வந்து உக்காருது. அதனால வந்தா வரட்டும்னு விட்டுட்டு, கூடவே இன்னொரு கேள்வியும் வச்சுக்கிட்டிருக்கேன், அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு என்ன செய்யணும். அதுக்கு எப்பவும் பதில் இருக்கு.

எழுதச் சொன்னது என் ஃப்ரெண்டு, சைக்காலஜிஸ்ட். ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1986ல காலேஜ் பசங்களை வச்சு ஒண்ணு பண்ணியிருக்காரு, தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனசை அறுக்கற விஷயத்தை எழுதணும், வேற சிலருக்கு சாதாரணத் தலைப்பு. கஷ்டத்தை எழுதினவங்களுக்கு எழுதி முடிச்ச உடனே மனசு இன்னும் பாரமாத்தான் ஆச்சாம், ஆனா அப்புறம் வந்த மாசங்கள்ல, நடந்ததையும் அதனால பட்டதையும் சேத்து எழுதினவங்க டாக்டரைத் தேடிப் போனது குறைஞ்சிருக்கு. அந்த பாரம் ஆகும்ங்கறதை அவ முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு. இல்லேன்னா முதல் பக்கத்தோட மூடி வச்சிருப்பேன்.

மார்ச் 11

அப்பா இன்னைக்கு ரொம்ப நேரம் அழுதாரு. பிசியோவுக்கு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு. மனசைத் தேத்திக்கப்பான்னு சொல்லி முடிக்கற விஷயம் இல்ல இது, ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும்னு டாக்டர் சொன்னாரு, மாத்திரை ஆரம்பிச்சிருக்காரு. ஏத்துக்கணும் ஏத்துக்கணும்னு சொல்லிக்கிட்டு வைத்தியம் பண்ண வேண்டியதைப் பண்ணாம விட்டுடக் கூடாது. வலின்னா வலிக்கு மருந்து. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

மார்ச் 26

ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்திருந்தா. நீ மாறிட்டடீன்னா. எனக்கு முதல்ல பிடிக்கல, அப்பா விழுந்து நான் வளரணுமான்னு கேட்டுட்டேன். அவ கோவிச்சுக்கல.

ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன்னு ரெண்டு பேராம், பெரிய அடி வாங்கினவங்க அதுக்கப்புறம் எந்தெந்த வகையில மாறுறாங்கன்னு அளக்க 1996ல 21 கேள்வி வச்சு ஒரு அளவுகோல் பண்ணியிருக்காங்க. மனுஷங்களோட நெருக்கம், புது வழிகள், நமக்குள்ள இவ்ளோ பலம் இருக்கான்னு தெரியறது, ஆன்மீகம், இருக்கற வாழ்க்கையோட அருமை, இப்படி அஞ்சு பக்கம். அதுல எனக்குப் பிடிச்சது எதுன்னா, வளர்ச்சி அந்த அடியால வர்றதில்ல, அடி விழுந்ததுக்கு அப்புறம் நாம படற பாட்டுல இருந்துதான் வருதுன்னு அவங்க தெளிவா சொல்றாங்களாம். வளந்தவங்களுக்கு வலி போயிடும்னும் சொல்லலையாம், ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாமாம். எல்லாருக்கும் வந்தே தீரும்னும் இல்ல.

அப்படின்னா சரி. அடிக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதில்ல. என் வளர்ச்சிக்காக அப்பாவுக்கு இது வந்துச்சுன்னு நினைக்கவே உடம்பு கூசுது. ஆனா நடந்தது நடந்துடுச்சு, இந்த மாசங்களை எப்படியும் வாழ்ந்துதான் ஆகணும், அதுல எனக்குள்ள ஒண்ணு முளைச்சா அதை மறைக்கவும் வேண்டியதில்லைதானே.

மே 6

வலது கையில கொஞ்சம் அசைவு வந்திருக்கு! மணிக்கட்டு மேல தூக்க வருது, விரல் லேசா பிரியுது. பிசியோ தம்பி இன்னைக்கு ஒரு தடிமனான கையுறையைக் கொண்டு வந்து, அப்பாவோட இடது கையில, அதாவது நல்ல கையில மாட்டி விட்டாரு. நான் பதறிட்டேன், இருக்கறது ஒரு கை, அதையும் கட்டிட்டா எப்படின்னு.

விளக்கமா சொன்னாரு. ஸ்ட்ரோக் வந்த புதுசுல பாதிச்ச கை முயற்சி பண்ணிப் பண்ணித் தோத்துடும், நல்ல கை எல்லா வேலையையும் எடுத்துக்கும். கொஞ்ச நாள்ல மூளை அந்தக் கையை மறந்தே போயிடும், பின்னாடி அதுக்கு சக்தி திரும்பினாலும் கூப்பிடாது. எட்வர்ட் டாப்ங்கற விஞ்ஞானி இதைக் கண்டுபிடிச்சுதான் நல்ல கையைக் கட்டி வைக்கற இந்த சிகிச்சையையே கொண்டு வந்தாராம். 2006ல வந்த பெரிய ஆய்வுல, ஸ்ட்ரோக் வந்து மூணுலேர்ந்து ஒன்பது மாசம் ஆனவங்களுக்கு ரெண்டு வாரம், முழிச்சிருக்கற நேரத்துல 90 சதவீதம் கையுறை மாட்டி வச்சு, தினம் பல மணி நேரம் பயிற்சியும் குடுத்துப் பாத்திருக்காங்க, கை நல்லா முன்னேறியிருக்கு. ஓரளவு அசைவு திரும்பினவங்களுக்குத்தான் இது செல்லும், எடுத்த எடுப்புல எல்லாருக்கும் கட்டிட முடியாது.

அப்பா ஒரு துணி கிளிப்பை எடுக்கப் பாத்தாரு. விரல் கிளிப்புக்கு மேல போய் நடுங்கிக்கிட்டு நிக்குது, இறங்க மாட்டேங்குது, இறங்கினா மூட மாட்டேங்குது, இடது கை கையுறைக்குள்ள துடிக்குது நான் எடுத்துடறேன் நான் எடுத்துடறேன்னு. நெத்தியெல்லாம் வேர்வை. நாலஞ்சு தடவை கீழ விழுந்துச்சு. கடைசில ரெண்டு விரலுக்கு நடுவுல சிக்குச்சு, தூக்கல, இழுத்துக்கிட்டே டப்பா வரைக்கும் கொண்டு போயிட்டாரு.

அதைப் பாத்துக்கிட்டு நின்னப்பதான் தோணுச்சு, எனக்கும் ஒரு நல்ல கை இருந்துச்சு, அது அப்பா. பேங்க், இன்சூரன்ஸ், வரி, பெரிய மனுஷங்க கிட்ட பேசறது, வேண்டாம்னு சொல்ல வேண்டிய இடத்துல சொல்றது எல்லாமே அவர். நான் அந்தப் பக்கமே போனதில்ல, போக வேண்டிய தேவையும் இல்ல. இப்ப இந்த மூணு நாலு மாசத்துல இன்சூரன்ஸ்காரங்க க்ளெய்மை நிராகரிச்சப்ப எந்த விதிப்படின்னு எழுத்துல கேட்டு வாங்கினது நான், டாக்டர் அவசரமா எந்திரிச்சப்ப உக்காருங்க சார் இன்னும் ரெண்டு கேள்வி இருக்குன்னு சொன்னது நான். குரல் நடுங்குச்சு. ஆனாலும் கேட்டேன். இந்தக் குரல் என் கிட்ட எப்பவும் இருந்திருக்கும் போல, கூப்பிடத்தான் ஆள் இல்ல.

மே 7

கையுறையைக் கழட்டி வீசிட்டாரு. நியாயமான கோவம். மதியம் அவரே எடுத்துக்கிட்டு வந்து நீட்டினாரு.

மே 23

கிளிப்பைத் தூக்கிடறாரு இப்ப. ஸ்விட்ச் போடறாரு. வலது கையால பட்டன் இன்னும் வரல, வராமலே போகலாம்னும் பிசியோ தம்பி சொல்லி வச்சிருக்காரு. ஆரம்ப மாசங்கள்லதான் வேகமா முன்னேற்றம் இருக்குமாம், அப்புறமும் வரும், ஆனா மெதுவா. அப்பாவும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு, தலையை மட்டும் ஆட்டினாரு.

பேங்க்ல புதுசா மாதிரிக் கையெழுத்து கேட்டிருக்காங்க. அவருக்குப் பதிலா நான் எல்லாம் பண்ற மாதிரி எழுதி வாங்கிடலாம்னு தம்பி சொன்னான், அம்மாவுக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. அப்பா மேசையில ஓங்கித் தட்டி "இல்ல"ன்னாரு. தெளிவான "இல்ல". நோட்டை எடுத்து இடது கையால கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பிச்சுட்டாரு, முதல் பக்கத்துல கோடு கோடா போகுது, நாலாவது பக்கத்துல முதல் எழுத்து நிக்குது, ஆனா பழைய கையெழுத்துல இருந்த சுழி இதுல வராது, அவரே அதை விட்டுட்டு வேற மாதிரி முடிக்கிறாரு.

நான் இடையில போகல. ஃபார்ம் நிரப்பறது என் வேலை, கையெழுத்து அவர் வேலைன்னு முடிவாயிடுச்சு. அடுத்த வாரம் பேங்க்ல நேரம் கேட்டிருக்கேன், படிக்கட்டு இல்லாத வாசல் எதுன்னும் கேட்டு வச்சாச்சு. நாலு பேரும் போறோம்.