முதுகு அகலம் தெரியாமல் அட்டை முடியாது

ஜூன் 4
எங்கள் புத்தகத்தின் அட்டையை வடிவமைப்பவருக்கான குறிப்பு ஒரே பக்கம்தான்: புத்தக அளவு 5.5 × 8.5 அங்குலம், யார் வாசிக்கப்போகிறார்கள், இதே வகையில் பிடித்த சில அட்டைகள், வரவே கூடாதவை. முழுக் கதையையும் அனுப்பினால் எல்லாக் காட்சிகளும் அட்டைக்குள் வந்து நெரிசலாகிவிடும். எத்தனை முறை திருத்தம், மூலக் கோப்பு (பின்னர் திருத்தக்கூடிய கோப்பு) கிடைக்குமா, படத்துக்கும் எழுத்துருவுக்கும் வணிக உரிமம் உண்டா என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

ஜூன் 11
மாதிரிகள் வந்தன. முதலில் 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தோம். இணையக் கடையில் வாசகர் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த அளவைத்தான். மெல்லிய எழுத்துருவில் புள்ளி காணாமல் போய், 'க்' வெறும் 'க' ஆகிறது. அழகாக இருந்தாலும் அந்த மாதிரி வேண்டாம். தலைப்பு இரண்டு வரி என்றால் மேல்வரியின் 'கூ' கீழிறங்கி, கீழ்வரியின் 'கீ' மேலேறி முட்டிக்கொள்ளும். மென்பொருள் தானாகத் தரும் வரி இடைவெளியை நம்பாமல் கையால் கூட்ட வேண்டும்.

ஜூன் 13
'கொ'வின் கொம்பு தனியே பிரிந்து நிற்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்று மாற்றியதும் சரியானது. அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைன் ஆக்குவது, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றுவது நல்லது. அதன்பின் எழுத்துப்பிழையைத் தட்டித் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும்.

ஜூன் 20
உள்பக்கங்கள் 240 என்று இன்றுதான் உறுதியானது. அமேசானின் சுயபதிப்புச் சேவையான கேடிபியின் கிரீம் தாளில் பக்கத்துக்கு 0.0025 அங்குலம்; ஆக முதுகு, அதாவது முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவிலுள்ள பட்டை, 0.6. வெள்ளைத் தாளானால் 0.54தான். நான்கு ஓரமும் 0.125 ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால், முன்னட்டை, முதுகு, பின்னட்டை சேர்ந்த முழு அட்டை 11.85 × 8.75 அங்குலம். இதற்குப் பிறகு உள்ளே ஓர் அத்தியாயம் கூடினாலும் இந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

முதுகுக்கு மட்டும் வேறு நிறம் கேட்காதீர்கள். மடிப்பு கொஞ்சம் நகர்ந்தாலே அந்த நிறம் முன்னட்டையில் கோடாக எட்டிப்பார்க்கும். முன்னட்டை நிறத்தையே முதுகு வழியாகப் பின்னட்டைக்கு ஓட விடுவதே பாதுகாப்பு. முதுகு எழுத்தின் இருபுறமும் 0.0625 அங்குலம் காலியாக இருக்க வேண்டும்.

ஜூன் 24
அச்சின் நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியதும் பளிச்சென்ற நீலம் மங்கியது. மை அந்த நீலத்தை எட்டாது. வேறு நீலம் தேர்ந்தெடுத்தோம். பார்கோடு வெள்ளைப் பின்னணியில், கறுப்பு மையில் மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் ஒரு மை மற்றதன்மேல் சரியாகப் பொருந்தாமல் சற்று விலகினாலே கோடுகள் கலங்கி, ஸ்கேனர் திணறும்.

ஜூலை 2
அச்சுப் ப்ரூஃபில் (சரிபார்க்க அச்சிட்ட பிரதியில்) முதுகு நடுவில் நிற்கிறது, பார்கோடு கைப்பேசியில் படிக்கிறது. கருநீலத்தில் மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மேலுறை) விரல்தடத்தைக் காட்டுவதால் பளபளப்புக்கு மாறுகிறோம். மின்னூலுக்கு முன்னட்டை மட்டும், 1600 × 2560 பிக்சல், திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில். அங்கே பழைய நீலத்தையே வைக்கலாம்.