மேலே எட்டு மில்லிமீட்டர்

ரப்பர் மரத்தில் தேன் வரும் இந்த சீசனில், தேனீப் பெட்டியின் மேலடுக்கான தேன் அறைகளில் நான் திருத்தியதைத் தூக்கினால் அது மட்டும்தான் வருகிறது. ஈ அடை கட்டும் கீழ்ச் சட்டங்கள் ஒட்டிக்கொண்டு கூடவே வருவதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் ஈ நடமாட எட்டு மி.மீ. இடைவெளி விடுவோம். கீழடுக்கில் புழு வளரும் என் புழு அறைகளில் அது சட்டத்துக்கு மேலே. கடையில் வாங்கிய தேன் அறைகளிலோ கீழே. அடுக்கினால் எட்டும் எட்டும் 16 மி.மீ. சந்து. ஈ அதைச் சும்மா விடுமா? குறுக்கும் நெடுக்குமாக அடை கட்டித் தேனையும் நிரப்பிவிடும். கடைக்காரரைக் கேட்டால், “எல்லாம் ஸ்டாண்டர்ட் சைஸ்தான் சார்.” நீள அகலம் சரி, சட்டம் உட்காரும் காடியின் ஆழத்தை யார் பார்த்தார்கள்?

1851இல் அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் லாங்ஸ்ட்ராத் மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டது மேல் இடைவெளி. பிரிட்டிஷ் நேஷனல் பெட்டியில் அது கீழே. கீழ் இடைவெளியிலும் வசதி உண்டு: சட்டத்தின் மேல்கட்டை பெட்டி விளிம்போடு மட்டமாக இருப்பதால் சுரண்ட எளிது, கழற்றிய பெட்டியைத் தரையில் வைத்தாலும் சட்டத்தின் அடியில் ஈ நசுங்காது. மேல் இடைவெளிப் பெட்டியைக் கவிழ்த்த மூடிமேல் குறுக்காகத்தான் வைக்க வேண்டும். ஆனால் அடுக்கும்போது கோணலாக வைத்து மெல்லத் திருப்பி உட்கார வைக்கலாம், உள்மூடிக்குத் தட்டைப் பலகையே போதும். நான் மேல் கட்சி. வெளிநாட்டு வீடியோக்களில் ஈ மரங்களிலிருந்து சேர்க்கும் பிசின் ஒட்டுகிறது என்று புலம்புவதை இங்கே கணக்கில் எடுக்க வேண்டாம். நம் இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை, மெழுகுதான் வம்பு.

உயிர் காடியில் இருக்கிறது. காடியில் உட்காரும் மேல்கட்டை நுனியான சட்டக் காது 10, இடைவெளி 8, ஆக 18 மி.மீ. டேப்பை நம்பாமல் 8 மி.மீ. கனத் தேக்குத் துண்டைக் காதின் மேல் வைத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறேன். துளி தட்டினாலும் மறுபடி உளி. அதைவிட முக்கியம் மரம். பெட்டிப் பலகையில் நார் படுக்கையாக ஓடுவதால் பச்சை அயனி மரம் காயக் காயப் பெட்டியின் உயரம் குறையும். சட்டத்தின் பக்கக்கட்டையில் நார் நெட்டுக்குத்தாக ஓடுவதால் அது குறையாது. அப்புறம் சட்டம் அடியில் துருத்தி, கீழ்ப்பெட்டியின் எட்டைத் தின்றுவிடும். அதனால் இப்போது பழைய மரக்கடையில் கதவுப் பலகைதான் வாங்குகிறேன். ஆணி பிடுங்குவது மட்டும் எரிச்சல்.

கடைத் தேன் அறைகளுக்கும் வழி உண்டு: அடியில் 8 மி.மீ. அறுத்து, மேல் விளிம்பில் அதே கனத்தில் ரீப்பர் கட்டை அடித்தால் சரி. பாதி முடிந்தது. மீதியில் இன்னும் தேன் இருக்கிறது, அதற்குள் புது அடிப்பலகைக்கு மரம் பார்க்கப் போகிறேன்.