சொட்டுகிற வாயை அடைக்காதீர்கள்

மார்ச் பிறந்தால் எனக்கு ஓய்வில்லை. சுற்றுலா சீசன் தொடங்கமுதல் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் பாக்ஃப்ளோ பிரிவென்டர்களைச் சோதித்து முடிக்க வேண்டும். மெயின் குழாய்த் தண்ணீர் ஹோட்டலுக்குள் போகலாம், உள்ளே போனது திரும்பி வரக்கூடாது. அந்த வால்வுக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான்.

போன கிழமை போன இடத்தில், பம்ப் அறை மூலையில் இருந்த வால்வின் அடிப்பக்கத்துத் திறப்பில் யாரோ பி.வி.சி. பிளக் ஒன்றை இறுக்கி, மேலே டேப்பும் சுற்றியிருந்தார்கள். எனக்குப் பகீர் என்றது.

"நிலமெல்லாம் ஈரம் தம்பி. சொட்டுத் தண்ணிதானே, அடைச்சுவிட்டேன்" என்றார் அங்கே பராமரிப்புப் பார்க்கும் அண்ணை.

அவரில் குற்றமில்லை, ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வால்வுக்குள் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற இரண்டு செக் வால்வு இருக்கும், நடுவில் ஒரு ரிலீஃப் வால்வு. செக் வால்வு பழுதானால், ரிலீஃப் திறந்து அந்த அடிப்பக்கத்துத் திறப்பால் தண்ணீரை வெளியே கொட்டிவிடும். அதை அடைத்தால், திரும்பி வருகிற தண்ணீருக்கு மெயின் பக்கம் மட்டுமே வழி. தெருவில் குழாய் உடைந்து அழுத்தம் விழுகிற நேரம், ஹோஸ் நுனி நீச்சல் தடாகத்துக்குள் கிடந்தால் போதும், தடாகத்துத் தண்ணீரைக் குழாய் உறிஞ்சி எடுத்துவிடும். 1933இல் சிகாகோவில் ஹோட்டல் குழாய்களில் கழிவுநீர் கலந்து வயிற்றளைச்சல் பரவி 98 பேர் செத்தார்கள். அண்ணையிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

சமையலறையில் சொல்லிவிட்டு ஹோட்டல் பக்கம் தண்ணீர் போகிற வால்வை மூடினேன். பிளக்கைக் கழற்றியதும் தண்ணீர் ஓடத் தொடங்கி, நிற்கவே இல்லை. முதலாவது செக் பிடிக்கவில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. திறந்து பார்த்தால், ரப்பர் வட்டில் ஒரு மணல் பரல் பதிந்து, நகம் பட்டதுபோலக் கீறல். உப்புக் காற்றில் மூடியின் போல்ட்டுகளும் பிடித்துப்போய், கழற்ற அரை மணித்தியாலம் போனது.

ரப்பரை மாற்றி, உள்ளே கழுவி, அழுத்தம் அளக்கிற கேஜைப் பொருத்தினேன். முதலாவது செக்கில் 7 பி.எஸ்.ஐ. காட்டியது. குறைந்தது 5 இருக்க வேண்டும். அப்புறம் கேஜின் சின்னத் திருகை மெல்ல மெல்லத் திறக்க ஊசி இறங்கியது. 2.6இல் ரிலீஃப் வாயிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. 2க்குக் கீழே போயிருந்தால் ரிலீஃபையும் பிரித்திருப்பேன். இரண்டாவது செக்கும் சரி. திகதியும் அளவுகளும் எழுதி அட்டையைக் கட்டினேன்.

ஈரம் என்ற அவருடைய முறைப்பாடும் நியாயம்தான். ரிலீஃப் வாய்க்குக் கீழே புனல் வைத்து வடிகாலுக்கு ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தேன். வாயும் புனலும் முட்டாமல் இடைவெளி விட்டிருக்கிறேன்.

"அதையும் அடைக்கக் கூடாது என்ன?" என்று அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை, அதையும்தான்."