லிபுலேக் திறந்த வருடம்

திபெத்தில் இருக்கும் கயிலைக்கு அத்தானும் நானும் 2020இல் சேர்ந்து விண்ணப்பிப்பதாக இருந்தோம். அப்போது அவருக்கு 66 வயது, எனக்கு 58. முதலில் கொரோனா வந்தது. ஜூன் மாதம் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். நோய் அடங்கிய பிறகும் வழி திறக்கவில்லை. 2025 ஏப்ரலில் யாத்திரை மறுபடி நடக்கும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தபோது அத்தானுக்கு 71. வயது வரம்பு 70. இரண்டு அரசுகளும் முறைத்துக்கொண்டிருந்த ஐந்து வருடங்களில் அவருடைய வாய்ப்பு போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. "நீ போ, மானசரோவர் தண்ணி கொண்டா" என்று மட்டும் சொன்னார்.

விண்ணப்பித்தவர்கள் 5,561 பேர், இடம் 750 பேருக்கு. மே 21 அன்று கணினிக் குலுக்கல். சிக்கிமில் நாதுலா கணவாய் வழியில் பத்துக் குழுக்கள், உத்தராகண்டில் லிபுலேக் கணவாய் வழியில் ஐந்து. எனக்கு லிபுலேக், இரண்டாவது குழு.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணத்தைவிட எடையைப் பற்றிக் கவலைப்படுங்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 25ஐத் தாண்டக்கூடாது. எனக்கு 26க்கு மேல் இருந்தது. தினமும் இரண்டு வேளை நடந்து, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, டெல்லி போவதற்குள் எப்படியோ இறக்கினேன். அங்கே ரத்தம், நுரையீரல், டிரெட்மில் என்று வரிசையாகப் பரிசோதனை. கடைசி முடிவு இந்தோ திபெத் எல்லைக் காவல் படை மருத்துவர்கள் கையில். எங்களில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பிப் போனதைப் பார்த்து யாருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் உறுதிப் பத்திரங்கள். அதில் ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் உயிர் போனால் அங்கேயே தகனம் செய்யச் சம்மதம் என்பது. கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு நொடி நின்றது.

குழுவில் குஜராத்திகள், மராத்தியர்கள், கன்னடர்கள் எல்லாரும் இருந்தார்கள். பொதுப்பணத்துக்கு ஒரு கமிட்டி, சாப்பாட்டுக்கு ஒன்று, சாமான்களுக்கு ஒன்று என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். என் இந்தி அரைகுறை. ஆனாலும் மூட்டை எண்ணும் வேலை எனக்கு வந்ததால், மூன்றே நாளில் ஐம்பது பேரின் பெயரும் மனப்பாடம்.

தனக்பூர், தார்சூலா வழியாகக் குஞ்ஜி. உயரத்துக்கு உடம்பு பழகவும் இரண்டாவது மருத்துவப் பரிசோதனைக்கும் அங்கே தங்க வேண்டும். முன்பெல்லாம் இந்த வழியில் நாள் கணக்கில் நடந்தார்களாம். இப்போது வண்டிப் பாதை இருக்கிறது. 2020 மே மாதம் அந்தப் பாதையைத் திறந்ததும் நேபாளம் எதிர்ப்புத் தெரிவித்து, லிபுலேக்கைத் தன் எல்லைக்குள் காட்டும் வரைபடம் வெளியிட்டது. ஒரு கணவாய்க்கு இரண்டு நாடுகளின் வழக்கு!

குஞ்ஜியில் ஒரு பாட்டி எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் ரங் மக்கள். அவர் மாமனார் திபெத்தில் இருக்கும் தக்லாகோட் சந்தைக்குத் தானியம் கொண்டுபோய் உப்பும் கம்பளியும் ஏற்றி வந்தவராம். 1962 போரோடு அந்த வியாபாரம் நின்றது. 1992இல் திறந்தது, 2020இல் மறுபடி மூடியது. "நீங்க வந்தாத்தான் இந்த ஊர்ல அடுப்பு எரியுது" என்றார். நான் சாமி கும்பிடப் போகிறேன் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே யாத்திரை என்பது வீட்டு வருமானம்.

நாபிடாங்கில் இருந்து இருட்டில் கிளம்பிக் கணவாய்க்கு ஏறினோம். உயரம் 5,000 மீட்டருக்கு மேல். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில் எதிரே முதல் குழு திரும்பி வந்தது. முகமெல்லாம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, ஆனால் அப்படி ஒரு சிரிப்பு. முன்பின் தெரியாத ஓர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை என் பையில் திணித்தார். பத்தடி தள்ளிச் சீன அதிகாரிகள் பெயர்ப்பட்டியலோடு காத்திருந்தார்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பி வைத்தோம். தலாய் லாமா படமோ புத்தகமோ கொண்டுபோகக்கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.

கயிலை மலையைச் சுற்றும் பாதையில் கடினமான நாள் இரண்டாவது நாள்தான். டோல்மா லா கணவாய், 5,600 மீட்டருக்கு மேல். பத்து அடிக்கு ஒருமுறை நின்றேன். கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடம்பையே உருட்டிக்கொண்டு போன அப்பர் பெருமானின் கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அது கண்ணெதிரே நடந்தது: ஒரு திபெத்தியப் பெண் விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடி விழுந்து மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். திபெத்தியர்களுக்கு அந்த மலையின் பெயர் காங் ரின்போச்சே. என் தடுமாற்றத்தைப் பார்த்து நின்றவர், ஒரு பாறை ஏறும்வரை கையைப் பிடித்துக்கொண்டார். பேச எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை.

ஊர் திரும்பியதும் நேராக அத்தான் வீட்டுக்குப் போனேன். தண்ணீர்க் கேனை வாங்கிப் பூஜை அறையில் வைப்பார் என்று நினைத்தேன். மடியிலேயே வைத்துக்கொண்டு, "சரி, லிபுலேக்ல இருந்து சொல்லு" என்றார்.