நிறுத்திய பிறகு வரும் இருபது ஆண்டுகள்

பெங்களூரில் ஒரு ஆய்வுக் குழுவில், பூமியின் காலநிலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கணினி மாடலை ஓட்டும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். என்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர்கள் கேட்கும் சோதனையை சூப்பர் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, நடுவில் படுத்துவிட்டால் மறுபடி கிளப்புவது, வெளிவரும் டேட்டாவை வரைபடமாக்கிக் கொடுப்பது, இதுதான் என் பொறுப்பு. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: வளிமண்டலத்தின் மேலடுக்கில் நுண்துகள்களைத் தூவி, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால் பூமி குளிருமா?

குளிரும் என்பதை எரிமலைகள் ஏற்கெனவே காட்டிவிட்டன. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தபோது 1.5 முதல் 2 கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடு அந்த மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் போனது. அங்கே அது கந்தக அமிலத் துளிகளாக மாறி உலகைச் சுற்றிப் பரவ, அடுத்த ஆண்டு உலக சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. இதை வேண்டுமென்றே செய்வது பற்றி ஆராயலாம் என்று 2006இல் பால் குருட்சன் எழுதினார். ஓசோன் ஆய்வுக்காக நோபல் வாங்கியவரே சொல்லிவிட்டார் என்ற பிறகுதான் பலர் இதை வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள்.

மாடலில் இது எவ்வளவு சுலபம் என்பது எனக்கு ஆரம்பத்திலேயே உறுத்தியது. எளிய சோதனைகளில் துகளே கிடையாது. சூரிய ஒளியின் அளவைச் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. கரியமில வாயுவை நாலு மடங்காக்கிவிட்டு வெயிலை நாலு சதவீதம் போலக் குறைத்தால், உலக சராசரி வெப்பநிலை பழைய இடத்திலேயே வந்து நிற்கும். அந்தத் தட்டையான கோட்டை நான் பெருமையாகக் காட்டியபோது குழுத் தலைவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “சரி, இதை மூடிட்டு மழையைத் திறங்க.”

மழை தட்டையாக இல்லை. வெப்பநிலையை முழுதாக ஈடுகட்டினால் உலக சராசரி மழை குறைந்துபோகிறது. காரணம் சிக்கலானதல்ல. வெயிலைக் குறைத்தால் நிலத்திலும் கடலிலும் நீர் ஆவியாவது நேரடியாக அடிவாங்குகிறது. கரியமில வாயுவோ காற்றையே சூடாக்கி வைத்திருக்கிறது. அதுவும் தன் பங்குக்கு மழையைக் கொஞ்சம் அடக்குகிறது. இரண்டும் வெப்பநிலையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், மழையில் கழித்துக்கொள்ளாது. துருவங்களில் சூடு மிச்சம் இருக்கும், வெப்பமண்டலம் தேவைக்கு மேல் குளிரும். ஒரு அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் மழைப் பட்டையே மற்ற அரைக்கோளத்துப் பக்கம் நகரும்; வடக்கில் மட்டும் தூவினால் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதிக்கு அது பஞ்சமாக முடியலாம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது, “நம்ம ஊர்ல மழை கூடுமா, குறையுமா?” அதற்கு நேர்மையான பதில் எங்களிடம் இருக்கவில்லை. எங்கள் மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும்; ஒரு கட்டம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் அகலம். மேற்குத் தொடர்ச்சி மலை அதில் லேசான மேடாகத்தான் தெரியும். புயலையும் தாழ்வழுத்தத்தையும் நம்பியிருக்கும் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி அதைக் கேட்பது வீண்.

சித்தப்பா வேறு வகை. வானத்தில் விமானம் இழுத்துப் போகும் வெள்ளைக் கோட்டைப் படமெடுத்து, “துகள் தூவுறது உங்க ஆளுங்கதானே?” என்று வாட்ஸப்பில் அனுப்புவார். அது புகையில் இருக்கும் ஈரம் உறைந்த பனி. பயணிகள் விமானம் பறப்பது 10, 12 கிலோமீட்டரில். நம் அட்சரேகையில் ஸ்ட்ராட்டோஸ்பியர் தொடங்குவதே 16, 17 கிலோமீட்டருக்கு மேல். அங்கே பெருஞ்சுமையைத் தூக்கிப்போகும் விமானம் இன்னும் யாரிடமும் இல்லை. சொன்னேன். அவர் நம்பவில்லை.

எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. பல நாட்டு மாடல் குழுக்கள் ஒரே விதிமுறையில் செய்தது: 2020 முதல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு, 50 ஆண்டுகள். அப்புறம் சட்டென்று நிறுத்தம். மேற்கொண்டு 20 ஆண்டுகள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்துவதும் கோப்பில் ஒரு வரிதான். துகள்கள் மேலே ஒன்றிரண்டு ஆண்டுகளே தங்கும்; கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அதனால் அத்தனை நாள் மறைத்து வைத்த வெப்பம் சில ஆண்டுகளுக்குள் திரும்பி வருகிறது. எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் என்னைக் கலங்கடித்தது. காடும் பயிரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

நிறுத்தத்தின் சிறிய மாதிரி ஒன்று நிஜத்திலேயே நடந்திருக்கிறது. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச வரம்பு 2020 ஜனவரியில் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. மூச்சு விடுகிறவர்களுக்கு நல்லதுதான், செய்திருக்க வேண்டியதும்தான். ஆனால் கடல்மேல் மேகங்களை வெளுப்பாக வைத்து வெயிலைத் திருப்பி அனுப்பிய துகள்களும் சேர்ந்தே குறைந்தன. அதனால் எவ்வளவு சூடு கூடியது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஹார்வர்டு குழு 2021இல் சுவீடனின் கிருனா அருகே ஒரு பலூனைப் பறக்கவிடத் திட்டமிட்டபோது எங்கள் டீக்கடைப் பேச்சு சூடானது. துகள் எதுவும் தூவப்போவதில்லை, கருவியைச் சோதிக்க மட்டும். அந்த வட பகுதியின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களின் கவுன்சில் எதிர்த்தது, பறக்கவில்லை. 2024 மார்ச்சில் திட்டமே கைவிடப்பட்டது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்குக் கோபம். அந்தப் பலூனால் காற்றுக்கு ஒரு கேடும் வந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எங்களைக் கேட்டீர்களா என்று சாமி மக்கள் கேட்டது நியாயம்தானே. 2022இல் ஒரு அமெரிக்க ஸ்டார்ட்-அப் யாரையும் கேட்காமல் மெக்சிகோவில் கந்தகப் பலூன் விட்டு, அந்த அரசு இதற்கெல்லாம் தடை என்று அறிவிக்கும்படி ஆனது.

நான் வேலையை விடுவதற்கு முன் ஒரு மாணவி, சட்டென்று நிறுத்தாமல் பல பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைக்கும் ரன் ஒன்று கேட்டார். ஓட்டிக் கொடுத்தேன். ஏற்றம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அத்தனை பத்தாண்டுகளும் துகள் தூவும் விமானங்கள் ஒரு வருடம்கூடத் தவறாமல் பறப்பதாக நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆட்சி மாற்றம், போர், பணத் தட்டுப்பாடு எதுவும் அதில் கிடையாது. அதைக் கட்டுரையில் தனி வாக்கியமாக எழுதச் சொன்னேன். எழுதினார்.